திணை மறந்த தூரிகை

கலைக்கல்வி என்னும் பெயரில் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் இன்று நடைபெறுவது கல்வியும் அன்று, கலையும் அன்று. கடுமையான சொல்தான். ஆயினும், இதனைச் சொல்லாமல் விடுவது அதனினும் பெரிய தீங்காகும். உலகப் பண்பாடுகளையும் சுற்றுச்சூழலையும் பிள்ளைகளுக்குக் கலைவழியே கற்பிக்கிறோம் என்று ஆண்டறிக்கைகளில் எழுதி மகிழ்கிறோம். அவ்வறிக்கையின் சொற்களை ஒருபுறமும், பிள்ளையின் கையில் உள்ள தாளை மறுபுறமும் வைத்து நோக்குவோர்க்கு உண்மை விளங்கும்.

ஜொகூர் மாநிலத்துக் கூலாயை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் தாளைக் கொடுத்து, இயற்கைக் காட்சி வரைக என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணமாய் இரண்டு மலைகள், அவற்றின் நடுவே பாதிக் கதிரவன், வளைந்து வரும் ஓர் ஆறு, இருபுறமும் நெல்வயல், கரையில் ஒரு தென்னை, அருகே ஒரு குடிசை. கூலாயில் நெல்வயலைக் காண்பது அரிது. குடிசையில் அப்பிள்ளை வாழவுமில்லை. அது பள்ளிக்கு வரும் வழியெல்லாம் செம்பனை நிற்கிறது. எஞ்சிய பால்மரங்கள் நிற்கின்றன. தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிற்கின்றன. தொலைவில் புலாய் மலை நிற்கிறது. இவற்றுள் ஒன்றேனும் தாளில் இல்லை. கண் முன்னே நிற்பதைக் காணாமல், எவரோ எப்போதோ வரைந்த படத்தை வரைவதற்குத்தான் அப்பிள்ளை பழக்கப்பட்டிருக்கிறது. யார் பழக்கினார்கள்? நாம்தாம் பழக்கினோம்.

ஆண்டுக்கு இருமுறை வரும் ஆரவாரம்

நம் பள்ளிகளில் கலை இரண்டு நாள்களில் மட்டும் மதிப்புப் பெறுகிறது. ஒன்று, பண்பாட்டு நாள். ஒரு பிள்ளைக்கு வாடகைக் கிமோனோ அணிவிக்கிறோம். இன்னொரு பிள்ளையை அட்டையில் வெட்டிய ஐஃபல் கோபுரத்தின் முன் நிறுத்துகிறோம். மற்றொரு பிள்ளையின் முகத்தில் கரி பூசி, தலையில் இறகு செருகி, ஆப்பிரிக்கர் என்கிறோம். படம் எடுத்தவுடன் ஆடை கடைக்குத் திரும்புகிறது. ஜப்பானியர் ஏன் அவ்வாறு உடுத்தினர், அத்துணி எந்தப் புழுவின் நூலால் ஆயது, எந்தச் செடியின் சாயம் அதில் ஏறியது என்று பிள்ளை கேட்கவுமில்லை, ஆசிரியர் சொல்லவுமில்லை. ஆப்பிரிக்கா என்பது ஒரு கண்டம்; பற்பல மொழிகளும் நூற்றுக்கணக்கான கலை மரபுகளும் உடையது. அதைக் கரியும் இறகுமாகக் காட்டுவது அறிவைத் தருவதன்று, இழிவைத் தருவதாகும். நம் முன்னோரையும் பிறர் இவ்வாறே கேலிச் சித்திரமாக வரைந்த காலம் ஒன்று இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மற்றொன்று, சுற்றுச்சூழல் நாள். 1973ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் ஜூன் 5ஆம் நாள் அது கொண்டாடப்படுகிறது. அன்று சுவரொட்டிப் போட்டி நடக்கும். உருண்டையான பூமி கண்ணீர் வடிக்கும். அதன் வாயில் வெப்பமானி இருக்கும். கீழே ஒரு முழக்கம் இருக்கும். கைப்பேசியில் தேடினால் இதே படம் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். பிள்ளை அதனைப் பார்த்து எழுதுகிறது. நடுவர் பரிசு அளிக்கிறார். நுரைப்பலகையிலும் மினுமினுப்புத் தாளிலும் நெகிழிப் பூவிலும் செய்த அக்கண்காட்சி மறுநாள் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லும் விழாவே இத்தனை குப்பையைப் பெருக்குமாயின், பிள்ளை எதைக் கற்கும்? சொல்வது வேறு, செய்வது வேறு என்னும் பாடத்தையே கற்கும்.

இந்தப் பொய்யின் விலை சிறியதன்று. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், இதே ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நச்சுக் காற்றால் துன்புற்றனர். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகள் பலர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அழும் பூமியை அழகாக வரைந்து பரிசு பெற்ற பிள்ளைகள் ஜொகூரில் அப்போதும் இருந்திருப்பர். தம் ஊர் ஆற்றின் பெயரை அறிந்தவர், அதன் கரைக்குச் சென்று நின்றவர், அதன் நிறத்தைத் தாளில் பதித்தவர் எத்தனை பேர்? கூலாய் வட்டாரத்து நீரை ஏந்திக்கொண்டு செனாய், ஸ்கூடாய் வழியே ஜொகூர் நீரிணையில் கலக்கும் ஸ்கூடாய் ஆற்றை நம் மாணவருள் எவர் வரைந்திருக்கின்றனர்? மாதம் ஒருமுறை அந்நீரின் நிறத்தை வண்ணக் கட்டமாகத் தீட்டி வைத்திருக்கும் வகுப்பு, ஆறு நிறம் மாறும் நாளில் அதனை முதலில் அறியும் வகுப்பாக இருக்கும். அதுவே ஓவியப் பாடம். அறிவியல் பாடமும் அதுவே.

நம் கையிலேயே உள்ள முறை

கலையும் நிலமும் பண்பாடும் ஒன்றோடொன்று பின்னியவை என்னும் கருத்து மேலைநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று நம்மவர் சிலர் எண்ணுகின்றனர். 1943ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ரீடு என்னும் ஆங்கில அறிஞர் கலைவழிக் கல்வியைப் பற்றி நூல் எழுதினார், உலகம் அதனைப் போற்றியது, போற்றத்தக்கதே. ஆனால், தமிழாசிரியர்களாகிய நமக்கு இது புதிய செய்தியா? தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நாம் எதற்காகப் படித்தோம்? தேர்வுக்கு மட்டுந்தானா?

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அந்நிலத்தில் தோன்றுவன கருப்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என அவர் அடுக்கிய வரிசையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மரத்துக்கும் பறவைக்கும் பக்கத்தில் பறையை வைத்தார். தொழிலுக்குப் பக்கத்தில் யாழை வைத்தார். சுற்றுச்சூழல் ஒரு பாடம், பண்பாடு ஒரு பாடம், கலை ஒரு பாடம் என்று அவர் துண்டாடவில்லை. ஒரு நிலத்தின் இசைக்கருவியை அறிய வேண்டுமாயின் அந்நிலத்தின் மரத்தையும் விலங்கையும் அறிய வேண்டும். மரத்தில் குடைந்து தோல் போர்த்திய கருவிதானே பறை! இத்துணைத் தெளிவான முறையைக் கையில் வைத்துக்கொண்டு, அழும் பூமியை நாம் ஏன் படியெடுக்கிறோம்?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கூலாயின் திணை யாது? குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் பாலையும் மனப்பாடமாய் ஒப்பிக்கும் மாணவன், தான் நிற்கும் மண்ணின் கருப்பொருளைச் சொல்லட்டும். மரம் எது? செம்பனையும் பால்மரமும். பறவை எது? எலியைக் கட்டுப்படுத்துவதற்காகத் தோட்டங்களில் பெட்டிக் கூடு வைத்துப் பேணப்படும் கூகை. விலங்கு எது? அந்த எலியும், காட்டுப்பன்றியும். தொழில் எது? பாட்டன் செய்த பால்வெட்டு, குலை அறுப்பு. இன்று தந்தையும் தாயும் செய்யும் தொழிற்சாலை வேலை. பறை எது? கோவில் திருவிழாவின் உறுமி, மலாய்த் திருமணத்தின் கொம்பாங், சீனச் சிங்க நடனத்தின் முரசு. ஒவ்வொன்றும் ஓர் ஓவியப் பாடம். ஒவ்வொன்றும் ஓர் உலகப் பாடம்.

கூலாய்க்குள் உலகம்

உலகம் என்றால் கூலாய்க்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று கருதுவதும் ஒரு மயக்கமே. பிள்ளை ஒரு செம்பனைப் பழத்தைக் கையில் எடுத்து, அதன் செம்மையையும் கருமையையும் தாளில் கொண்டுவர முயலட்டும். இம்மரம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி தானே எழும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1848ஆம் ஆண்டில் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு கன்றுகள் இந்நாட்டுச் செம்பனைகளின் முன்னோர் ஆயின. 1917ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக அது வேரூன்றியது. மரம் வந்தது, அதன் மகரந்தத்தைப் பரப்பும் வண்டு உடன் வரவில்லை. ஆதலின், பூங்கொத்துகளுக்கு மகரந்தத் தூளைத் தூவும் வேலையைத் தோட்டத் தொழிலாளரின் கைகளே செய்துவந்தன. 1981ஆம் ஆண்டில் கெமரூன் நாட்டு வண்டு இங்கே கொண்டுவந்து விடப்பட்ட பின்னரே அவ்வேலை ஓய்ந்தது. தன் பாட்டி செய்திருக்கக்கூடிய வேலையை ஓர் ஆப்பிரிக்க வண்டு ஏற்றுக்கொண்டது என்று அறியும் பிள்ளை, அவ்வண்டைப் பெரிதாக்கி வரையும்போது எத்தனை கவனத்தோடு வரையும்! கரி பூசிய முகத்தால் கற்பிக்க முடியாத ஆப்பிரிக்காவை அந்த ஒரு படம் கற்பித்துவிடும்.

பால்மரமும் அவ்வாறே. பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அந்த மரத்தின் பட்டையில், உட்கட்டை புண்படாமல், சாய்கோடாகக் கத்தியை இழுத்த கைகள் நம் முன்னோருடையவை. அந்த வெட்டு ஒரு கலைஞனின் கோட்டுக்கு எவ்வகையில் குறைந்தது? அதனை வகுப்பிற்குக் கொணர்ந்து காட்டத் தெரிந்த முதியவர்கள் கூலாயைச் சுற்றி இன்னும் இருக்கின்றனர். அவர்களை ஓவிய வகுப்பிற்கு அழைத்த பள்ளிகள் எத்தனை?

இந்நாட்டின் பிற மக்களும் நமக்கு உலகமே. கூலாய் நகரம் ஹக்கா சீனர் மிகுதியாக வாழும் ஊர். ஜொகூர்க் காடுகளின் ஜாக்குன் பூர்வகுடியினர் மெங்குவாங் தாழையின் ஓலையால் பாயும் கூடையும் முடைவர். ஜொகூர் நீரிணையின் சதுப்புக் காட்டோரம் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த செலேத்தார் மக்கள் உள்ளனர். ஓலை முடைதலைக் கற்கும் பிள்ளை, தாழை எங்கு வளரும், அது வளரும் இடம் அழிந்தால் பாய் என்னாகும் என்பதையும் சேர்த்தே கற்கும். கைத்தொழிலைக் கற்காமல் ஆடையை மட்டும் உடுத்திக்கொண்டு ஒரு பண்பாட்டை அறிய முடியாது.

இவை விரைந்து மாறுகின்றன என்பதையும் நாம் காண வேண்டும். கூலாய் யங் தோட்டத்தின் நிலத்தில் அண்மைய ஆண்டுகளில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. தோட்டங்கள் மாறுவதை ஓவிய வகுப்பால் தடுக்க முடியாது. ஆனால், மறையும் நிலத்தைக் கண்டு பதிந்துவைக்கும் கண்களை அதனால் உருவாக்க முடியும். பதியப்படாமல் அழிந்தவை நமக்கு முன்பே மிகுதியாக உண்டு. தோட்டத்து லயங்கள் எங்கே? தோட்டப் பள்ளிகள் பலவற்றின் பழைய கட்டடங்கள் எங்கே? அவற்றை வரைந்துவைத்த பிள்ளைகளின் ஓவியங்கள் எந்த அலமாரியில் உள்ளன?

கோலமும் அதன் உடன்பிறப்புகளும்

“தமிழ்ப்பள்ளி தமிழைக் காக்கவே உள்ளது, நம் கோலமே அழியும்போது பிறநாட்டுக் கலை எதற்கு?” என்று கேட்போர் உளர். அவர்தம் கவலை மெய்யானது. ஆனால், அவர் கண்ட மருந்து தவறானது. கோலம் அழிவது பிறநாட்டுக் கலை நுழைந்ததால் அன்று. அதன் பொருளை நாமே மறந்ததால் ஆகும். அரிசி மாவில் இட்ட கோலம் எறும்புக்கு உணவாயிற்று. இன்றோ, தீபாவளிப் போட்டிகளில் பேரங்காடித் தளத்தின் மீது சாயம் ஏற்றிய அரிசியைக் கொட்டி, விழா முடிந்ததும் வாரிக் குப்பையில் எறிகிறோம். பகிர்ந்துண்ணும் கலை, உணவை வீணாக்கும் கலையாயிற்று. இதனைச் செய்தவர் அயலார் அல்லர்.

கோலத்தின் பெருமையை உணர்த்த வேண்டுமாயின் அதன் உடன்பிறப்புகளைக் காட்டுங்கள். அங்கோலா நாட்டுச் சொக்குவே மக்கள் மணலில் புள்ளிகளை இட்டு, அவற்றைச் சுற்றி வளைகோட்டை இழுத்தவாறே கதை சொல்வர். அதற்குச் சோனா என்று பெயர். பசிபிக் கடலின் வனுவாத்துத் தீவினர் ஒரே விரலால், எடுக்காமல் தொடரும் கோட்டால் மணலோவியம் தீட்டுவர். அக்கலையை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுள்ளது. புள்ளியும் வளைகோடும் கொண்டு மூன்று கடல்களுக்கு அப்பால் வாழ்வோரும் நம் பாட்டியைப் போலவே சிந்தித்தனர் என்று அறியும் பிள்ளைக்குத் தன் கோலத்தின் மீது வெட்கம் வருமா, பெருமிதம் வருமா?

அயல் கலையைக் கற்பதால் தன் கலை அழியாது என்பதற்கு வரலாறும் சான்று பகரும். 1927ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் மலாயாவுக்கு வந்தார். இங்கிருந்து ஜாவாவுக்கும் பாலிக்கும் சென்றார். அவருடன் சென்றவர்களுள் ஓவியர் சுரேந்திரநாத் கர் ஒருவர். ஜாவாவின் பாத்திக் கலை அப்பயணத்தின் பயனாகச் சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தை அடைந்தது. அங்கே வங்க மண்ணின் வடிவங்களை ஏற்றுத் தழைத்தது. மறு ஆண்டு, 1928இல், அதே சாந்திநிகேதனத்தில் மரம் நடுவிழா தொடங்கியது. கன்றினை அழகுசெய்த பல்லக்கில் ஏற்றி, பாட்டும் ஆட்டமும் சூழக் கொண்டுசென்று நட்டனர். அயல் பண்பாடு, கலை, மரம் மூன்றும் ஒரே பள்ளியில் கைகோத்தன. அங்கே பூமி அழும் சுவரொட்டி தேவைப்படவில்லை.

பாத்திக் துணியின் மெழுகுத் தடுப்பு முறை நமக்கும் அயலானதன்று. கும்பகோணத்தை அடுத்த கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராட்டிய மன்னர் காலத்தில், மெழுகு தடவிச் சாயமேற்றிய சேலைகள் செய்யப்பட்டன. பாத்திக் பாடம் நடத்தும் ஆசிரியர் இதனைச் சொல்லட்டும். சாயம் கலந்த கழிவுநீர் எங்கே போகிறது, ஆற்றில் விட்டால் மீன் என்னாகும் என்பதையும் சொல்லட்டும். அழகை மட்டும் காட்டி அழுக்கை மறைப்பது கல்வியாகாது.

நேரம் இல்லை என்போர்க்கு

இனி, எல்லாவற்றிற்கும் மேலாக ஒலிக்கும் சொல் ஒன்றுண்டு: “நேரம் இல்லை.” காட்சிக் கலைக் கல்வி பாட அட்டவணையில் இருக்கிறது, அந்நேரம் கணிதத்திற்கோ மலாய்மொழிக்கோ அறிவியலுக்கோ கடனாகப் போகிறது, அக்கடன் திரும்புவதே இல்லை. முன்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வு காரணமாகக் காட்டப்பட்டது. அத்தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, கடன் வாங்கும் பழக்கம் போகவில்லை. நாளை வேறு பெயரில் வேறு தேர்வு வரலாம்; அன்றும் முதலில் பலியாவது இந்தப் பாடவேளையாகத்தான் இருக்கும். பெற்றோரும் இதற்கு உடந்தை. மதிப்பெண் தாளில் கணிதத்தைத் தேடும் கண்கள் ஓவியத்தின் மேல் படுவதே இல்லை.

கணிதத்திற்காகக் கலையைக் கொல்வோர் ஒன்றை அறிதல் வேண்டும். 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணியும் அவர்தம் உடன் ஆய்வாளரும் கோலத்தை எடுத்துக்கொண்டு, கணிப்பொறி அறிவியலின் வடிவ இலக்கணங்களை ஆராய்ந்தனர். நம் வாசலில் மிதிபட்ட கோலம் உலக ஆய்விதழ்களில் கணிதமாயிற்று. சோனா ஓவியங்களில் உள்ள கணிதத்தை மொசாம்பிக் நாட்டில் வாழ்ந்த பவுலஸ் கெர்டெஸ் நூல் நூலாக எழுதினார். எத்தனை புள்ளிக்கு எத்தனை கோடு தேவை, எந்தக் கோலம் ஒரே கோட்டில் முடியும், எது முடியாது என்று கேட்கும் வகுப்பு கணித வகுப்பா, கலை வகுப்பா? பிரிக்க முடியாததைப் பிரித்துவிட்டு, நேரம் இல்லை என்று நாமே புலம்புகிறோம்.

பணம் இல்லை என்பது அடுத்த சாக்கு. செம்பனை ஈர்க்கும், பால்மர விதையும், தாழை ஓலையும், அரிசி மாவும், செம்மண்ணும் எந்தக் கடையில் விலைக்கு வாங்க வேண்டும்? பரிசுக் கோப்பைக்கும் வாடகை ஆடைக்கும் கிடைக்கும் பணம் ஒரு நாள் ஆற்றங்கரைக்குச் செல்லும் பேருந்துக்குக் கிடைக்காதா?

ஆசிரியப் பெருமக்களே! இக்கட்டுரை உங்களைக் குறைகூற மட்டும் எழுதப்பட்டதன்று. நிருவாகச் சுமையும் படிவச் சுமையும் உங்களை அழுத்துவது உண்மை. எனினும், வகுப்பறைக் கதவு மூடியபின் அங்கே ஆள்வது நீங்களே. காட்சிக் கலைப் பாடவேளையைக் கடன் கேட்பவர்க்குக் கொடுக்க மறுத்துவிடுங்கள். படியெடுக்கும் சுவரொட்டிப் போட்டிக்கு நடுவராக இருக்க மறுத்துவிடுங்கள். முகத்தில் கரி பூசும் பண்பாட்டு நாளை நிறுத்துங்கள். தமிழ் இலக்கியம் கற்பிப்போரும் ஓவியம் கற்பிப்போரும் ஒன்றாக அமர்ந்து, உங்கள் ஊரின் கருப்பொருளுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். அதுவே ஓராண்டின் பாடத்திட்டம்.

மாணவர்களே! மலை என்றால் முக்கோணம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். வெளியே சென்று புலாய் மலையைப் பாருங்கள். அதன் முகடு எவ்வாறு சரிகிறது, காலையில் என்ன நிறம், மழைக்குமுன் என்ன நிறம் என்று பாருங்கள். பார்த்ததை வரையுங்கள். கோணலாக வந்தாலும் அது உங்கள் கோடு. திணையை நூலில் படித்த இனம் நாம். அதனை மண்ணில் படிக்கும் நாள் வரட்டும்.